மருந்து படாத தண்ணி

ஆமா தம்பி, அந்தத் தொட்டி மூடிய நீங்களே தூக்கிக்கங்க, நான் தொடல. கையக் கழுவிட்டீங்கள்ல? சோப்புப் போடாமத்தான? சரி. மதுரையில கடல்மீன் தொட்டிக் கடை வச்சு இதே சோலியா இருக்கவுகளுக்குப் போயி நான் சொல்றேன் பாருங்க. பழகிப்போச்சு. இந்த ரூமுக்குள்ள யாரு வந்தாலும் மொதல்ல கையப் பாத்துட்டு அப்பறந்தான் மூஞ்சியப் பாப்பேன்.

எங்க விட்டேன். ஆங், இறாலு. ரெண்டு இறாலு, செகப்புல வெள்ளக் கோடு போட்டது. முந்தாநாளு சனிக்கிழம மத்தியானம் ஒண்ணு மல்லாந்துருச்சு, கால மட்டும் ஆட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. ஞாயித்துக்கிழம விடியக்குள்ள ரெண்டும் முடிஞ்சுச்சு. அப்பறம் சங்குக்குள்ள குடியிருக்குமே நண்டு, அதுல அஞ்சுக்கு நாலு. கண்ணாடியில ஒட்டிக்கிட்டிருந்த நத்தையெல்லாம் கழண்டு மணல்ல கெடக்கு. மீனப் பாருங்க, ரெண்டும் ஜம்முனு சுத்துதுக. அந்தக் காளான் மாதிரி மெத்துமெத்துனு இருக்கே, அதுவும் விரிஞ்சுதான் இருக்கு. காலு உள்ளது, ஓடு உள்ளது, அதுக மட்டுந்தான் போச்சு. அவுகளுக்கு அதுதான் புரியல. புரியலேன்னு எங்கிட்டச் சொல்றாக, ஆனா உள்ளுக்குள்ள புரிஞ்சுபோயி, பழியத் தம்மேல போட்டுக்கிட்டாக.

அவுகன்னா எங்க வீட்டுக்காரரு. உங்களுக்குப் போன் போட்டு வரச் சொன்னது அவுகதான். இன்னைக்கிக் காலையில அஞ்சு மணிக்கெல்லாம் மலையேறிட்டாக. பூப்பாறைக்கு அங்கிட்டு ஒரு ஏலத்தோட்டத்துல மேஸ்திரி. திங்கக்கிழம போனா சனிக்கிழமதான் எறங்குவாக. நாலு மணிக்குப் போன் பண்ணுவேன், அந்தத் தம்பி என்ன சொல்றாருன்னு கேட்டு வையின்னு சொல்லிட்டுப் போயிருக்காக. இப்ப மணி என்ன, மூணே காலா. பதறாமப் பாருங்க.

தண்ணியா? குழாத் தண்ணி ஒரு சொட்டு ஊத்துனது கெடையாது. கேன் தண்ணிதான். இந்தா, கண்ணாடியில மையில கோடு போட்டிருக்காகல்ல, தண்ணி அந்தக் கோட்டுக்குக் கீழ எறங்கக்கூடாது. போடி வெயிலுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு சொம்பு காத்துல போயிரும். போறது வெறும் தண்ணி, உப்பு உள்ளயே நின்னுக்கிரும். அதனால வெறும் தண்ணிதான் ஊத்தணும். உப்புக் கரைச்ச தண்ணி வாரத்துக்கு ஒருக்கா, ஒரு வாளி மோந்துட்டு ஒரு வாளி ஊத்துறது. மெசினுன்னு பெருசா ஒண்ணுமில்ல. தண்ணியச் சுத்தவிடுற மோட்டாரு ஒண்ணு, மேல லைட்டு, கீழ கல்லு, மணலு. அம்புட்டுத்தான். மத்த சோலியெல்லாம் கல்லும் நத்தையும் பாத்துக்கிரும்னு சொல்லுவாக. நத்த பாக்காத சோலிய நான் பாக்குறேன்.

கல்லு கடல்ல எடுத்த பவளப்பாறை இல்ல தம்பி, அது கேசாயிரும்னு எங்களுக்கும் தெரியும். சிமிண்டும் கிளிஞ்சலும் கொழச்சு அவுகளே வார்த்தது. ஏழு வருசத்துல இந்த ஊதா நெறம் தானா ஏறுச்சு. நல்லா இருக்குல்ல? நல்லாத்தான் இருக்கும். நான் இல்லேன்னு சொல்லல.

இது மொதல்ல மலையில மொதலாளி பங்களாவுல இருந்துச்சு. கோட்டயத்துக்காரரு. அவரு ஆசப்பட்டு வாங்கிவச்சாரு, பாத்துக்கிட்டது பூராம் எங்க வீட்டுக்காரரு. தோட்டத்த வித்துட்டுப் போகையில, பாண்டியராஜே, இத வேற எவன்ட்டயும் குடுக்க மனசு வரல, நீ கொண்டு போய்க்கோன்னுட்டாரு. சிலமலையில பொறந்து, கல்யாணத்துக்குப் பெறகு ராமேஸ்வரத்துல ஒருக்கா கடலப் பாத்த மனுசன். காலு தரையில நிக்கல. கேன் கேனாத் தண்ணியப் புடிச்சு ஜீப்புல ஏத்தி, போடிமெட்டு வளைவு ஒவ்வொண்ணுக்கும் வண்டிய நிறுத்தி நிறுத்திக் கொண்டாந்தாக. மீன் இருந்த பைய நான் மடியில வச்சுக்கிட்டு வந்தேன். எனக்கும் அன்னைக்கிச் சந்தோசந்தான். பின்னால வரப்போறது தெரியல பாருங்க.

கொசுவத்தியா? ஏத்துறதில்ல. கொசுவல கட்டிப் படுக்குறோம். பெயிண்டு அடிக்கல. எறும்புக்குச் சாக்பீசு கிழிக்கிறதில்ல. கரப்பான் வந்தாச் செருப்பால அடிக்கிறேன், அது ஒண்ணுக்குத்தான் எனக்கு இந்த வீட்டுல பூரண உரிம இருக்கு. சிரிங்க சிரிங்க.

மருந்தா.

அதையும் கேப்பீங்கன்னு தெரியும். ஏலத்துக்கு அடிக்கிற பூச்சி மருந்து எப்படிப்பட்டதுன்னு உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. மாசம் ஒருக்கா, சீசன்ல அதுக்கும் கூட. செடி எலையில நின்னு சொட்டும். மேஸ்திரின்னாலும் அவுக மேலயும் படத்தான செய்யும். அதுக்குத்தான் இந்த வீட்டுல சட்டமே. மலையில இருந்து எறங்குனா வாசப்படி ஏறக்கூடாது. பின்பக்கமா வந்து, கெணத்தடியில துணியக் கழத்தி, ரெண்டு தரம் குளிச்சு, வேற துணி கட்டிக்கிட்டுத்தான் உள்ள. அந்தத் துணிய நான் தனி வாளியில அலசி தனிக் கொடியில காயப்போடுவேன். சனிக்கிழமயும் அப்படித்தான் வந்தாக. குளிச்சாக, சாப்புட்டாக, கல்லு ஒண்ணு சரிஞ்சிருக்குன்னு கைய உள்ள விட்டு நிமுத்துனாக. ஒரு மணி நேரத்துல இறாலு மல்லாந்துருச்சு.

அந்த மனுசன் மூஞ்சியப் பாக்கணுமே நீங்க. கையப் பாக்குறாக, இறாலப் பாக்குறாக, திரும்பக் கையப் பாக்குறாக. எங் கையாலயே கொன்னுட்டேன்டின்னு ஒரு வார்த்த. ஞாயித்துக்கிழம பூராம் பச்சத்தண்ணி பல்லுல படல. தொட்டிக்கு முன்னால ஸ்டூலப் போட்டு உக்காந்தவுக உக்காந்தபடியே. எங்கப்பா செத்தப்ப இவுக இலையில உக்காந்து ரெண்டாவது சோறு வாங்கிச் சாப்புட்டாக, அது எனக்கு நெனப்பு வந்துச்சு.

கெட்டவுகன்னு நெனச்சுக்கிறாதீங்க தம்பி. நல்ல மனுசன். குடி கெடையாது, சீட்டு கெடையாது, என்னைய ஒரு அடி அடிச்சதில்ல. அதுதான் வம்பே. குடிச்சிட்டு வந்து அடிச்சா ஊரு எம்பக்கம் பேசும். மீன் வளக்குறாருன்னு போயி நான் யாருகிட்டச் சொல்ல.

எனக்கு என்ன சட்டமா? கேளுங்க. காலையில ஏழு மணிக்கு லைட்டப் போடணும், அப்ப ஒரு வீடியோ கால் வரும். தொட்டியக் காமிக்கணும். மத்தியானம் ஒண்ணு. சாயங்காலம் தண்ணி ஊத்துனதுக்கப்பறம் ஒண்ணு. கரண்டு போனா இன்வெட்டரு ஓடுதான்னு பாக்கணும், அது மக்கர் பண்ணா நான் உக்காந்து கரண்டியால தண்ணியக் கலக்கிவிடணும், மூச்சு முட்டாம இருக்க. கம்பத்துல மகளக் கட்டிக் குடுத்திருக்கேன். போடியில இருந்து கம்பம் எம்புட்டுத் தூரம் சொல்லுங்க. பேரன் காதுகுத்துக்குப் போயி ஒரு ராத்திரி தங்கல. பந்தியில பாதியில எந்திருச்சு பஸ்ஸேறி வந்தேன். சம்பந்தியம்மா கேக்குது, என்ன சோலையம்மா, கைப்புள்ளயவா விட்டுட்டு வந்திருக்கீகன்னு. ஆமான்னுட்டேன். வேற என்ன சொல்ல.

ஆனா அது கூடப் பரவால்ல தம்பி. அதெல்லாம் பொறுத்துக்கிரலாம். நானும் மலைக்குப் போனவ. அத நிறுத்துனதத்தான் என்னால தாங்க முடியல.

பதினெட்டு வருசம். ஏலக்காய் எடுக்க. விடியக்காலம் அஞ்சரைக்கு மொக்கையன் ஜீப்பு இந்தத் தெரு முக்குல வந்து ஆரன் அடிப்பான். பன்னெண்டு பொம்பளைக, ஒருத்தி மடியில ஒருத்தி. எங்க கூட்டத்துக்குத் தலைவி அன்னக்கொடி, எங்கூடப் படிச்சவ. அவ வாயத் தொறந்தா முந்தல் செக்போஸ்ட்டுல இருந்து போடிமெட்டு வரைக்கும் சிரிச்சு வயிறு புடுங்கிக்கிரும், காதுல வாங்க முடியாத பேச்செல்லாம் பேசுவா. மேல ஏற ஏறக் குளிரும். மெட்டுல எறங்கி பாலில்லாம ஒரு கட்டங்காப்பி. தோட்டத்துல சேச்சிமாரு நாலு பேரு இருப்பாக, அவுக மலையாளத்துல பேச, நாங்க தமிழ்ல பதில் சொல்ல, பொழுது ஓடிரும். வேல கஷ்டந்தான். செடி தூருக்குள்ள குத்தவச்சு உக்காந்து காயப் பாத்துப் பாத்து எடுக்கணும், இடுப்பு கழண்டுரும், அட்ட கடிக்கும். இருந்தாலும் அங்க நான் ஆளா இருந்தேன். என் கைக்கு ஒரு பேரு இருந்துச்சு. பிஞ்சக் கிள்ளாம எடுக்குறவ சோலையம்மாதான்னு கங்காணி சொல்லுவாரு.

மூணு வருசத்துக்கு முன்னாடி இதே மாதிரி இறாலு செத்துச்சு. அப்ப யாரோ சொல்லியிருக்காக, மருந்துதான் காரணம், கைநகத்துல இருந்தாக்கூடப் போதும்னு. அவுக வாரத்துக்கு ஒருக்கா எறங்குறவுக. நான் தெனம் சாயங்காலம் ஈரச் சட்டையோட வீட்டுக்குள்ள வர்றவ. என்னையக் கூப்புட்டு ஒரு வார்த்த கேக்கல. கங்காணிக்குப் போனப் போட்டு, நாளையிலிருந்து எஞ்சம்சாரம் வராதுன்னு சொல்லியாச்சு. எனக்குத் தெரியாது. நான் தூக்குவாளியில சோறப் போட்டுக்கிட்டு முக்குல நிக்கிறேன். ஜீப்பு வந்துச்சு. மொக்கையன் தலையக் குனிஞ்சுக்கிட்டு, மதினி, உங்களுக்கு எடம் இல்லேன்னு சொல்லச் சொல்லிட்டாகன்னான். உள்ள பதினோரு பேரு இருந்தாளுக. அன்னக்கொடி கூட அங்கிட்டுத் திரும்பிக்கிட்டா. சோத்தத் தூக்கிக்கிட்டுத் திரும்பி வந்து, இந்தா, இந்தத் தரையில உக்காந்து அத நானே தின்னேன். அன்னைக்கி வந்த ஆத்திரம் இன்னும் அடங்கல தம்பி.

மூணு வருசமா இந்த நாலு செவுரு, இந்தக் கண்ணாடி. சிலநேரம் அந்த மீனு கண்ணாடி ஓரமா வந்து என்னையப் பாக்கும். என்னத்தப் பாக்குற, உனக்காவது தண்ணி மாத்துறாகன்னு சொல்லுவேன்.

உப்பு சரியா இருக்கா. சூடும் சரியா இருக்கா. அப்ப மருந்தேதான்னு சொல்றீங்க. வேற எதுவாவும் இருக்க வாய்ப்பில்லையா? மீனு பொழச்சு இறாலு மட்டும் போறதுன்னா மருந்துதானா. ம். கரிப் பையப் போட்டுத் தண்ணி மாத்துனா மருந்த இழுத்துருமா? அப்ப மிச்சம் இருக்க நண்டு பொழச்சுக்கிருமா? போடுங்க தம்பி, எத்தன பை வேணுமோ போடுங்க. அது பொழைக்கணும். அந்த இறாலு என் கைமேல ஏறி நகத்தச் சுத்தம் பண்ணும், தெரியுமா. தண்ணி ஊத்தப் போனா ஓடியாரும். எனக்கும் வயிறு எரியத்தான் செய்யுது.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நாலு மணிக்கு அவுக போன் பண்ணுனா, மருந்துன்னு சொல்லாதீங்க. வயசாகிப்போச்சுன்னு சொல்லுங்க, இறாலுக்கு வயசு அம்புட்டுத்தான்னு சொல்லுங்க. நண்டுக்கும் சேத்து ஏதாவது சொல்லுங்க, உங்களுக்கு வாய் வராதா என்ன, யாவாரிதான நீங்க.

ஏன்னா கேக்குறீங்க. மருந்துதான்னு உறுதியாயிட்டா அவுக மேஸ்திரி வேலைய விட்டுருவாக. நேத்து ராத்திரி முடிவா சொல்லிட்டாக. இனிமே மலையே வேணாம், பஜார்ல ஏதாவது கடையில நின்னுக்கிறேன், பொழுதன்னைக்கும் வீட்டோட இருந்து இதுகளப் பாத்துக்கிறேன்னு. இப்பவாவது ஆறு நாளு மலையில இருக்காக. ஏழு நாளும் இந்த வீட்டுக்குள்ள இருந்தா நான் எங்க தம்பி போவேன்? எனக்கு மூச்சு விட இருந்த சந்தும் அடைஞ்சுரும்.

என்ன சந்தா. 

சரி, நீங்க மதுரைக்குப் போகப்போறவுக. உங்ககிட்டச் சொன்னா என்ன.

போன வாரம் அடிச்ச காத்து மழையில அவுக தோட்டத்துப் பக்கம் டவரு போச்சு. செவ்வாய்க்கிழம ராத்திரியில இருந்து போன் வரல. புதன்கிழம காலையில ஏழு மணிக்கு லைட்டப் போட்டுட்டுப் போனக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன், கால் இல்ல. மத்தியானம் இல்ல. சாயங்காலம் அன்னக்கொடி வாசல்ல வந்து நின்னா. சீசன் ஆரம்பிச்சிருச்சு, ஆளு பத்தல, இப்ப வேற தோட்டத்துக்குத்தான் போறோம், உம்புருசனுக்குத் தெரிஞ்ச கங்காணி இல்ல, வர்றியாடின்னா. நான் யோசிக்கவே இல்ல தம்பி. வெரசாப் போயிப் பொட்டியில இருந்து தோட்டத்துக்குப் போடுற அந்தப் பழைய சட்டைய எடுத்துட்டேன்.

வியாழனும் வெள்ளியும். ரெண்டே நாளு. 

மெட்டுல எறங்கி அந்தக் காப்பியக் குடிக்கையில அழுதுட்டேன். அன்னக்கொடி கிண்டல் பண்ணுனா, காப்பி அம்புட்டு மோசமாவா இருக்குன்னு. ஆமாடின்னேன்.

நான் கவனமில்லாம இல்ல. அவுக சட்டத்த அவுகள விட நான் ஒழுங்காக் கடப்புடிச்சேன். பின்பக்கமாத்தான் வந்தேன். துணியக் கெணத்தடியில கழத்துனேன். தலைக்கு ஊத்திச் சீயக்கா போட்டுத் தேச்சு, நகத்துக்குள்ள குச்சி விட்டுச் சுத்தம் பண்ணி, வேற சீல கட்டி, அதுக்கப்பறந்தான் ஸ்டூல்ல ஏறி நின்னு குனிஞ்சு தண்ணி ஊத்துனேன். ரெண்டு நாளும். வெள்ளிக்கிழம ராத்திரியே இறாலு தள்ளாடுச்சு, நான் வாயத் தொறக்கல. அவுக சனிக்கிழம வந்து கைய விட்டதும் பழி அவுகமேல போயிருச்சு. ரெண்டு நாளா நான் அத வேடிக்க பாத்துக்கிட்டிருக்கேன். அதுக்கு எனக்கு என்ன தண்டனையோ, அது தனி.

எனக்கே வெளங்கல, எப்படி வந்துச்சுன்னு. கையக் கழுவுனேன், தலையக் கழுவுனேன், எதுல மிச்சம் இருந்துச்சு? நேத்து அவுக தொட்டி முன்னால உக்காந்திருக்காக, நான் பின்னால செவுத்துல சாஞ்சு உக்காந்திருக்கேன். கழுத்து அரிச்சுச்சு. சொறிஞ்சேன். சொறிஞ்ச கைய மோந்து பாத்தா, தோட்டத்துல அடிக்குமே அதே வாட.

தாலிக் கயிறு தம்பி.

சங்கிலியில கோத்திருந்தேன் ஒரு காலத்துல. அந்தச் சங்கிலிய மகளுக்குப் போட்டு அனுப்பிச்சதுல இருந்து மஞ்சக் கயிறுதான். நல்ல மொத்தக் கயிறு. செடிக்குள்ள குனிஞ்சு வேல பாக்கையில எலையில இருந்து சொட்டுறதெல்லாம் கழுத்துலதான எறங்கும். முறுக்குக்குள்ள ஊறிப்போச்சு. குளிக்கையில எல்லாத்தையும் கழத்துனேன், அதக் கழத்துவோமா? யாரு கழத்துவா. நெனப்புலயே வராது. இங்க வந்து குனிஞ்சு தண்ணி ஊத்தையில அது முன்னால தொங்கித் தண்ணிக்குள்ள முங்கியிருக்கு. ஊத்தி நிமுந்தப்ப மாரெல்லாம் ஈரமா இருந்துச்சு, நான் சொம்புத் தண்ணி தெறிச்சுச்சுன்னு நெனச்சேன்.

புதுக் கயிறு மாத்தலாந்தான். திரும்ப மலைக்குப் போனா அதுவும் ஊறும். ரவிக்கைக்குள்ள சொருகிக்கலாந்தான். குனிஞ்சா வெளிய வந்துரும், இருவத்தாறு வருசத்துல அது என்னைக்கு உள்ள நின்னுச்சு. எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்துட்டேன் தம்பி, ராத்திரி பூராம் அதான் வேல.

காலையில அவுக மலையேறி ஜீப்புச் சத்தம் அடங்குனதும் கழத்திட்டேன். சோப்புத் தண்ணியில ஊறப்போட்டு, அலசி, அங்க கொடியில காயுது பாருங்க, அவுக பனியனுக்குப் பக்கத்துல. கழத்துனா புருசனுக்கு ஆகாதுன்னு சொல்லி வளத்தாக. கழத்திட்டு மணியவே பாத்துக்கிட்டிருந்தேன். பத்து மணிக்கு எஸ்டேட்டுல இருந்து வீடியோ கால் பண்ணுனாக, நல்லாத்தான் பேசுனாக, இன்வெட்டருக்குத் தண்ணி ஊத்துனியான்னு கேட்டாக. தாலியப் பத்தி ஒண்ணும் கேக்கல. கால் முடியிற வரைக்கும் நான் தொட்டிக்குப் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன்.

இனிமே இப்படித்தான். போகையில கழத்தி வச்சிட்டுப் போவேன், வந்து குளிச்சிட்டு எடுத்துப் போட்டுக்கிருவேன். மலையில டவரு இன்னும் விட்டு விட்டுத்தான் வருது, அவுக கால நான் எடுக்கலேன்னா பழிய அது மேல போட்டுக்கிறேன். மிச்சம் இருக்க நண்டும் பொழைக்கும், நானும் பொழைப்பேன். ஏந் தம்பி, இங்க வந்து ஒரு மணி நேரமா எதுக்க உக்காந்து எங்கூடப் பேசிக்கிட்டிருக்கீங்க. என் கழுத்துல ஏதாவது கொறையிற மாதிரி உங்களுக்குத் தெரிஞ்சுச்சா?

தெரியலேல்ல.

அப்ப வயசாகிப்போச்சுன்னே சொல்லிருங்க. நாளைக்கி அஞ்சரைக்கு ஜீப்பு, நான் சோத்துக்கு அரிசி நனைய வைக்கணும்.